1000 குதிரைத்திறன் சரி, எத்தனை மணி நேரம்?

கேள்வி, ஜனவரி 6

டியூன் செய்த (கம்பெனி அளவைவிடப் பவர் கூட்டிய) இன்ஜின்களில் எது உண்மையிலேயே பலமானது? என்னைக் கேட்டால் போட்டியே இல்லை, டொயோட்டா சுப்ராவில் வந்த ஆறு சிலிண்டர் இன்ஜின் 2ஜேஇசட்தான். உள்ளே ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் 1000 குதிரைத்திறன் எடுக்கிறார்கள். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வாருங்கள்.

பதில், ஜனவரி 6, இரவு

1000 சரி, எத்தனை மணி நேரம்? அந்த எண்ணை மட்டும் யாரும் எழுதுவதில்லை. பவரை அளக்கும் டைனோவில் சில ஓட்டம், கால் மைல் டிராக்கில் சில ஓட்டம், அப்புறம் வண்டி டிரெய்லரில் ஏறிவிடுகிறது. அந்த இன்ஜின் முழு பூஸ்டில் (டர்போ தள்ளும் காற்றழுத்தத்தில்) கழித்த நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால் சில நிமிடங்கள்தான் வரும். அதை வைத்துப் பலம் என்று பட்டம் கொடுக்கிறோம்.

2ஜேஇசட்-ஜிடிஇ, அதாவது அதன் டர்போ வகை, நல்ல இன்ஜின் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வார்ப்பிரும்பு பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்), ஏழு மெயின் பேரிங், ஃபோர்ஜ் செய்த (அடித்து உருவாக்கிய) கிராங்க், 86க்கு 86 மிமீ அளவில் சிலிண்டர், பிஸ்டனின் அடிப்பக்கம் ஆயிலைப் பீய்ச்சும் ஜெட், 8.5 என்ற தாழ்வான கம்ப்ரஷன். ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் 280 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) என்று ஒரு உச்ச வரம்பு வைத்திருந்தார்கள், 2004 வரை அது நடைமுறையில் இருந்தது. அதற்குள் அடங்க வேண்டும் என்று காகிதத்தில் குறைத்துக் காட்டப்பட்ட இன்ஜின் இது. ஆக, தயாரிப்பாளர் விட்டுவைத்த இடைவெளி பெரிது. அந்த இடைவெளியைச் செலவழித்துவிட்டு, "பார், இன்னும் ஓடுகிறது" என்று வீடியோ போடுகிறோம். செலவழித்த பிறகு எவ்வளவு நாள் ஓடியது என்பதற்கு யாரும் வீடியோ போடுவதில்லை.

ஜனவரி 7

ஒருவர் "அப்போ ஆர்பி26" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். சரி, பார்ப்போம்.

நிஸானின் ஆர்பி26டிஇடிடி 1989இல் ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரோடு வந்தது. 2568 சிசி என்ற விசித்திரமான அளவு ஏன் என்றால், குரூப் ஏ பந்தய விதியில் டர்போ இன்ஜினின் கொள்ளளவை 1.7ஆல் பெருக்குவார்கள், பெருக்கிய பிறகும் 4500 சிசி பிரிவுக்குள் நிற்க வேண்டும். பந்தயத்துக்காகவே பிறந்தது. அதிலும் பிளாக் வார்ப்பிரும்புதான். ஆனால் பழைய ஆர்32 கிராங்கில் ஆயில் பம்பைச் சுழற்றும் தட்டைப் பகுதி குறுகலானது. ரெவ் லிமிட்டரில் (சுழற்சி வேகத்தின் உச்ச வரம்பில்) முட்டி முட்டி ஓட்டினால் பம்பின் உள் கியர் விரிசல் விடும். கியர் போனால் ஆயில் அழுத்தம் போகும், அழுத்தம் போனால் பேரிங் போகும், அதற்கு மேல் பிளாக் எவ்வளவு தடிமன் என்று அளந்து என்ன செய்ய? இன்னொன்று, நீண்ட நேரம் உயர் ஆர்பிஎம்மில் (நிமிடச் சுழற்சியில்) ஓடும்போது மேலே ஹெட்டுக்குப் போன ஆயில் கீழே இறங்கத் தாமதமாகும், அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப் காலியாகத் தொடங்கும். கம்பெனி டர்போவின் செராமிக் சக்கரத்தை 1 பாருக்கு மேல் தள்ளினால் அது உடையும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை.

2ஜேஇசட்டுக்கும் இப்படி ஒரு பட்டியல் உண்டு, ரசிகர்கள் அதை வாசிப்பதில்லை: ஆயில் பம்பின் முன் சீல் வெளியே தள்ளிக்கொண்டு வருவது, கிராங்க் முனையில் அதிர்வைத் தணிக்கும் டாம்பரின் ரப்பர் பிரிவது, வால்வ் சீல் தேய்ந்து புகை விடுவது. இதில் எதுவும் பிளாக்கைப் பற்றியது இல்லை. பிளாக் உடைந்து போன 2ஜேஇசட்டை நானும் பார்த்ததில்லை. சுற்றியிருக்கிற சில்லறைச் சாமான் போய் நின்றவற்றைப் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 7, சிறிது நேரம் கழித்து

ஃபோர்டு ஆஸ்திரேலியாவின் பாரா பற்றிக் கேட்டவருக்கு: அதே கதை. 4 லிட்டர், நேர் ஆறு சிலிண்டர், இரும்பு பிளாக், 2002 முதல் 2016 வரை வந்தது. கீழ்ப்பகுதி மலை மாதிரி. முதலில் மாற்ற வேண்டியவை வால்வ் ஸ்பிரிங்கும் ஆயில் பம்ப் கியரும்.

ஜனவரி 9

நேற்று யாரோ "600 குதிரைத்திறன் என்றால் 600 குதிரைத்திறன்தான், எந்த ஆர்பிஎம்மில் வந்தால் என்ன" என்று எழுதியிருந்தார். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், கணக்குப் பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

600 குதிரைத்திறனை 5000 ஆர்பிஎம்மில் எடுத்தால் டார்க் (திருப்புவிசை) ஏறத்தாழ 854 நியூட்டன் மீட்டர். அதே 600ஐ 7500இல் எடுத்தால் 570தான். சிலிண்டருக்குள் அழுத்தம் டார்க்கோடு போகிறது. 86 மிமீ பிஸ்டன் மேல் 100 பார் அழுத்தம் வந்தால் அது கிட்டத்தட்ட 5.9 டன் எடையை வைத்தது போல, ஒவ்வொரு பவர் ஸ்ட்ரோக்கிலும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் இந்த எடையில் நசுங்கப் பார்க்கும், அதாவது வளையப் பார்க்கும். தாழ்வான ஆர்பிஎம்மில் பெரிய டார்க் கொடுக்கும் சிறிய டர்போ மேப்பில் (கணினியின் எரிபொருள், ஸ்பார்க் அமைப்பில்) ராட் வளைவது இதனால்தான். நிஸான் ஜிடி-ஆரின் புது இன்ஜின் விஆர்38இல் கம்பெனி ராடுக்கு 850, 900 நியூட்டன் மீட்டர் பக்கத்தில் ஒரு கோடு போடுவதும் இதற்காகத்தான். அந்தக் கோட்டைக் குதிரைத்திறனில் சொல்வதில் அர்த்தமில்லை.

இப்போது மறுபக்கம். பிஸ்டன் மேலே போய் நின்று திரும்புகிற இடத்தில், அதுவும் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் மேலே தடுக்க அழுத்தம் இல்லாதபோது, ராட் இழுபடும். பிஸ்டன், பின், ரிங், ராடின் மேல்முனை எல்லாம் சேர்த்து 700 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 86 மிமீ ஸ்ட்ரோக், 8000 ஆர்பிஎம். இழுவிசை 2.8 டன் பக்கத்தில் வரும். 700 கிராமுக்கு 2.8 டன், அதாவது 4000 ஜி! இந்த இழுவிசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தோடு ஏறும். 7000இலிருந்து 8000க்குப் போனால் ஆர்பிஎம் 14 சதவீதம் கூடுகிறது, இழுவிசை 31 சதவீதம் கூடுகிறது. இதைச் சுமப்பது ராட் போல்ட்.

ஆக டார்க்கில் எடுத்த பவர் ராடின் தண்டை வளைக்கும், ஆர்பிஎம்மில் எடுத்த பவர் ராட் போல்ட்டை இழுத்து அறுக்கும். இரண்டும் வேறு வேறு சாவு. எந்த இன்ஜின் பலம் என்று கேட்பவர் எந்தச் சாவைப் பற்றிக் கேட்கிறார் என்று முதலில் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

ஜனவரி 9, பின்னிரவு

கணக்கைச் சரிபார்க்கச் சொன்னவருக்கு: ராட் நீளம் 142 மிமீ, கிராங்க் ஆரம் 43 மிமீ என்று போட்டேன். நீங்களே போட்டுப் பாருங்கள். தூக்கம் வராதவர்களுக்கு நல்லது.

ஜனவரி 12

பிஸ்டன் வேகம் என்று ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது, டியூனிங் பேசுகிற இடங்களில் இதை மறந்தே போனோம். ஸ்ட்ரோக்கை இரண்டால் பெருக்கி, நொடிக்கு எத்தனை சுற்று என்பதாலும் பெருக்கினால் சராசரி வேகம் வந்துவிடும். ஹோண்டா எஸ்2000 காரின் எஃப்20சி, 84 மிமீ ஸ்ட்ரோக், 9000 ஆர்பிஎம்: நொடிக்கு 25.2 மீட்டர். பிஎம்டபிள்யூ எம்3இன் எஸ்54, 91 மிமீ, 8000 ஆர்பிஎம்: 24.3. இரண்டும் கடையில் வாரண்டியோடு விற்றவை. 2ஜேஇசட் அதன் 6800 ஆர்பிஎம் சிவப்புக் கோட்டில் வெறும் 19.5. கம்பெனி அதை எவ்வளவு சோம்பேறியாக ஓடவிட்டது என்பது இந்த ஒரு எண்ணிலேயே தெரியும்.

எஃப்20சியில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த வேகத்தில் உரசுவதற்கென்றே சிலிண்டர் சுவரில் நார் கலந்த உலோக லைனர் வைத்தார்கள். யாரும் அதை 1000 குதிரைத்திறன் வீடியோவில் காட்ட மாட்டார்கள். ஆனால் 2 லிட்டரில் டர்போ இல்லாமல் 250 பிஎஸ் எடுத்து, அந்த ஆர்பிஎம்மிலும் வருடக்கணக்கில் ஓடுவதுதான் என் கண்ணுக்குப் பெரிய வேலை.

எஸ்54 அந்தப் பக்கம் அவ்வளவு பாக்கியசாலி இல்லை. ஆரம்பகால இ46 எம்3 வண்டிகளை ராட் பேரிங்குக்காகக் கம்பெனியே திரும்ப அழைத்தது. அப்புறம் 10டபிள்யூ-60 ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்ற நிலை.

ஜனவரி 13

"ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டால் எல்லாம் தீர்ந்தது" என்ற பதிலுக்கு ஐந்தாறு பேர் கைதட்டியிருக்கிறார்கள். எனக்கு இதில் நேரடி அனுபவம் உண்டு, ஒரு நான்கு சிலிண்டர் டர்போவில். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், சொன்னால் அதன் ரசிகர்களும் எதிரிகளும் சேர்ந்து இந்த இழையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஃபோர்ஜ்டு என்று பொதுவாகச் சொன்னாலும் பெரும்பாலும் இரண்டு அலுமினிய அலாய். 4032இல் ஏறத்தாழ 12 சதவீதம் சிலிக்கான், சூட்டில் குறைவாக விரியும், சிலிண்டரில் நெருக்கமாகப் பொருத்தலாம், தேய்மானம் குறைவு. 2618இல் சிலிக்கான் கிட்டத்தட்ட இல்லை. நாக் (கலவை தாறுமாறாக வெடிப்பது) வந்தால் உடையாமல் நெளிந்து கொடுக்கும், உச்ச பூஸ்டுக்கு அதுதான். ஆனால் சூட்டில் அதிகம் விரியும், அதனால் குளிர்ந்த நிலையில் இடைவெளி அதிகம் விட வேண்டும், ஸ்டார்ட் செய்தால் தட தடவென்று சத்தம், பிஸ்டனின் கீழ்ச்சுவரான ஸ்கர்ட்டும் ரிங் பள்ளமும் சீக்கிரம் தேயும். நான் போட்டது 2618. காலையில் ஸ்டார்ட் செய்தால் டீசல் வண்டி போலத் தட்டும், சூடானதும் அமைதியாகிவிடும். ஆயில் ஆய்வு அறிக்கையில் அலுமினியம் எப்போதும் கம்பெனி பிஸ்டன் காலத்தைவிட உயரத்திலேயே நின்றது. பலம் கூடியது, ஆயுள் குறைந்தது. இரண்டுமே உண்மை, ஒரே பாகத்தில்.

பேரிங்கிலும் அப்படித்தான். ரேஸுக்கு விற்கும் மூன்றடுக்கு பேரிங்கின் மேல்பூச்சு மென்மையானது, மெலிந்தது. பாரத்தை அருமையாகத் தாங்கும், ஆனால் பூச்சு தேய்ந்துகொண்டே போகும், திறந்து மாற்றிக்கொண்டே இருப்பார்கள் என்று நம்பிச் செய்தது. கம்பெனி போடும் அலுமினியம் சிலிக்கான் ஈரடுக்கு பேரிங் உச்ச பாரத்தில் தோற்கும், சாலையில் லட்சம் கிலோமீட்டரில் ஜெயிக்கும். கடினமான வால்வ் ஸ்பிரிங் 9000 ஆர்பிஎம்மைக் கட்டுப்படுத்தும், வால்வைத் திறக்கும் கேம் லோபை அரைக்கும்.

இன்னும் ஒன்று. ரிங் முனை இடைவெளி. டர்போ இல்லாத சாலை இன்ஜினுக்குச் சிலிண்டர் விட்டத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு, பூஸ்ட் அதிகம் என்றால் ஆயிரத்தில் ஆறு என்பது பொதுவான கணக்கு. 86 மிமீக்கு 0.34இலிருந்து 0.52 மிமீ. குறைவாக விட்டால் சூட்டில் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு பிஸ்டனின் மேல் பகுதியைப் பிய்த்துவிடும். அதிகம் விட்டால் பிளோ-பை (ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் வாயு) கூடும், ஆயிலில் பெட்ரோல் இறங்கும். ஜெனரல் மோட்டார்ஸின் 5.3 லிட்டர் டிரக் எல்எஸ் இன்ஜின்களைப் பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்து, ரிங் இடைவெளியை மட்டும் அரத்தால் பெரிதாக்கி, டர்போ மாட்டி ஓட்டுகிறார்களே, அந்தக் கூட்டத்தின் ரகசியம் பாதி இதுதான்.

ஜனவரி 14

சிலிண்டர் வேலை பற்றி நேற்று எழுதாமல் விட்டது. என் பிளாக்கை முதல்முறை போர் செய்த பட்டறை, ஹெட் இருப்பதுபோல் பிளாக்கை இறுக்கும் டார்க் பிளேட்டை மாட்டாமலே ஹோன் செய்து (சிலிண்டர் சுவரைத் தேய்த்து மெருகேற்றி) கொடுத்தார்கள். மேஜையில் அளந்தால் வட்டம் கச்சிதம். ஹெட்டை மாட்டி ஸ்டட்டை இறுக்கியதும் வட்டம் வட்டமாக இல்லை. ரிங் ஒழுங்காக உட்காரவே இல்லை, ஆயில் குடித்தது. எவ்வளவு விலையுயர்ந்த பிஸ்டன் போட்டும் பயனில்லை. இன்ஜின் பெயரை வைத்துப் பட்டியல் போடுகிறோம், ஹோன் செய்தவர் கை யாருடையது என்பது அந்தப் பட்டியலில் எங்கே வரும்?

ஜனவரி 20

இரும்பா அலுமினியமா என்று இரண்டு பக்கம் ஓடியிருக்கிறது. முதல் நாளிலிருந்தே நான் இரும்பின் பக்கம் சாய்ந்து எழுதியதாகத் தெரிகிறது, அதைக் கொஞ்சம் நிமிர்த்துகிறேன்.

சிலிண்டர் மேல்முனை சுற்றிலும் பிளாக்கோடு இணைந்திருக்கிறதா என்பதே எனக்கு இப்போது முதல் கேள்வி. பழைய ஹோண்டா பி வகைகளில் மேல்முனை திறந்திருக்கும், சிலிண்டர் குளிர் நீருக்குள் குழாய் போல நிற்கும். பூஸ்டில் அது அசையும், அசைந்தால் ஹெட் கேஸ்கெட் அரைபடும். விஆர்38 அலுமினியம்தான், ஆனால் மூடிய மேல்தளம், உள்ளே பிளாஸ்மா முறையில் பூசிய சுவர். பிஎம்டபிள்யூ பி58ம் அலுமினியம், மூடிய தளம், ஃபோர்ஜ் செய்த கிராங்க். 2019இல் வந்த புது சுப்ராவில் இதைப் போட்டபோது "இது சுப்ராவே இல்லை" என்று கத்தியவர்கள் சில மாதங்களில் அமைதியானார்கள்.

ஆடியின் ஐந்து சிலிண்டர் 2.5 டர்போ இன்னும் சுவாரசியம். 2009 டிடி ஆர்எஸ்ஸில் வந்தபோது பிளாக் வெர்மிகுலர் கிராஃபைட் வார்ப்பிரும்பு, சாதாரண வார்ப்பிரும்பைவிட உறுதி. அடுத்த தலைமுறையில் அவர்களே அலுமினியத்துக்கு மாறினார்கள், பவரும் கூடியது.

இருந்தாலும் இரும்புக்கு ஒரு விஷயத்தில் நான் இன்னும் ஓட்டுப் போடுவேன். எஃகுக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதற்குக் கீழே எத்தனை கோடி முறை வளைத்தாலும் களைப்படையாது என்று நடைமுறையில் எடுத்துக்கொள்ளலாம், வார்ப்பிரும்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். அலுமினியத்துக்கு அப்படிச் சுத்தமான எல்லை இல்லை, சிறிய பாரமும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். 8000 ஆர்பிஎம்மில் மணிக்கு 4 லட்சத்து 80 ஆயிரம் சுற்று, 21 மணி நேரத்தில் ஒரு கோடி. நேர்க்கோட்டில் ஓடும் டிராக் (drag) ரேஸில் அலுமினிய ராட் போட்டு, குறிப்பிட்ட ஓட்டங்களுக்குப் பிறகு கழற்றி எறிவது இதனால்தான்.

ஜனவரி 21

டாப் ஃபியூல் வண்டிகளைப் (நேர்க்கோட்டுப் பந்தயத்தின் உச்ச வகை) பற்றிக் கேட்டிருந்தார்கள். 2008இலிருந்து 1000 அடி ஓட்டம், 3.7 நொடி சொச்சம், 11,000 குதிரைத்திறனுக்கு மேல். அந்த ஓட்டத்தில் கிராங்க் சுமார் 500 சுற்று சுற்றும், அவ்வளவுதான். உடனே இன்ஜினைப் பிரித்துவிடுவார்கள். எதிர்முனையில், 2010 லெ மான்ஸில் ஆடி ஆர்15 டிடிஐ பிளஸ் 24 மணி நேரத்தில் பந்தயப் பாதையை 397 சுற்று, 5410 கிலோமீட்டர் ஓடியது. மல்யுத்தக்காரரையும் மூட்டை தூக்குகிறவரையும் ஒரே தராசில் நிறுத்தி யார் பலசாலி என்று கேட்பது போலத்தான் இந்த இழையின் கேள்வி.

ஜனவரி 21, மாலை

பிஎம்டபிள்யூ எஃப்1 டர்போ கதையைக் கொண்டுவந்தவருக்கு ஒரு திருத்தம். "புது பிளாக்கில் ஓட்டினார்கள், வெறும் விசேஷ உலோகம்" என்பது சரியில்லை. எம்12/13 என்ற அந்த 1.5 லிட்டர் இன்ஜினின் அடித்தளம் 1960களின் சாலை வண்டி எம்10 பிளாக், சாதாரண வார்ப்பிரும்பு. நிறைய ஓடிப் பழகி, வார்ப்பின் உள் இறுக்கம் தளர்ந்த பிளாக்குகளைத் தேடிப் பயன்படுத்தினார்கள் என்று பரவலாகச் சொல்வார்கள். பிளாக்குகளை மழையில் போட்டு ஊறவைத்த கதை, அதைவிட மோசமான கதைகள் எல்லாம் உண்டு, அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. 1983இல் நெல்சன் பிகே அந்த இன்ஜினோடுதான் எஃப்1 பட்டம் வென்றார், பின்னாளில் தகுதிச் சுற்றில் 1000 குதிரைத்திறனைத் தாண்டியது. தகுதிச் சுற்று இன்ஜினின் ஆயுள் சில சுற்றுகள். திரும்பவும் அதே இடத்துக்கு வந்துவிட்டோம் பாருங்கள்.

பிப்ரவரி 2

ஆயில். இதை முதலிலேயே எழுதியிருக்கலாம், ஆனால் ஆயில் பேச்சு எடுத்தால் யாரும் வாசிப்பதில்லை.

டியூன் செய்த இன்ஜினை டிராக்கில் கொல்வது பெரும்பாலும் பூஸ்ட் இல்லை, நீண்ட வளைவு. ஒட்டும் டயர் மாட்டி 1 ஜிக்கு மேல் பக்கவாட்டில் இழுத்தால் சம்பில் உள்ள ஆயில் ஒரு சுவரில் ஏறி நிற்கும், பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சும். அரை நொடி போதும். அது நடக்கும்போது ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது, டாஷில் உள்ள ஆயில் விளக்கு எரிந்து அணைவதைப் பார்க்க யார் வளைவில் கீழே குனிவார்கள்? அழுத்தத்தைப் பதிவு செய்யும் லாகர் வைத்துப் பார்த்த பிறகுதான் நானே நம்பினேன்: ஒவ்வொரு சுற்றிலும் அதே வளைவில் அழுத்தம் பள்ளமாக விழுந்திருந்தது. பிளாக், ராட், பிஸ்டன் எல்லாவற்றுக்கும் செலவு செய்திருந்த இன்ஜின் அது. அப்புறம் தடுப்புத் தகடு வைத்த சம்ப் போட்டேன், பள்ளம் பெருமளவு மறைந்தது. போர்ஷே 911 ஜிடி3, 996 டர்போ வண்டிகளில் இருந்த மெட்ஸ்கர் இன்ஜின் ஏன் இவ்வளவு மதிக்கப்படுகிறது என்று கேட்டால், பந்தய வம்சம் என்பார்கள். எனக்கு அதன் டிரை சம்ப்தான் (ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் முறை) பாதிப் பதில்.

ஆயில் சூடும் அப்படியே. 150 டிகிரி சூட்டில், வேகமான உரசலில் ஆயில் எவ்வளவு தடிமனாக நிற்கிறது என்பதை எச்டிஎச்எஸ் என்று அளப்பார்கள். 20 வகை ஆயிலுக்குக் குறைந்தபட்சம் 2.6, 60 வகைக்கு 3.7. மைலேஜுக்காகக் கம்பெனி சொன்ன மெல்லிய ஆயிலோடு இரட்டிப்பு டார்க் ஓட்டுகிறவர்கள் முதலில் இந்த எண்ணைப் பார்க்கட்டும்.

பிப்ரவரி 3

இல்லை, எந்த பிராண்ட் ஆயில் என்று சொல்ல மாட்டேன். கேட்காதீர்கள்.

பிப்ரவரி 15

மஸ்டாவின் 13பி ரோட்டரியை (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் இன்ஜின்) விட்டுவிட்டேன் என்று கோபம். வேண்டுமென்று விடவில்லை. அதில் ராட் இல்லை, வால்வ் இல்லை, மேலே எழுதிய சாவுகள் பாதி பொருந்தாது. ஆனால் ஒரே ஒரு பலத்த நாக் ரோட்டர் முனையிலுள்ள அபெக்ஸ் சீலை உடைக்கும், அந்தத் துண்டு டர்போ வழியாக வெளியேறும்போது அதையும் முடித்துவிட்டுத்தான் போகும்.

நாக்தான் உண்மையான எதிரி, ரோட்டரி என்றில்லை எதற்கும். சாதாரண எரிப்பில் அழுத்தம் தள்ளும், நாக்கில் சுத்தியல் போல அடிக்கும். சுபாரு இஜே25 டர்போக்களில் ரிங்குகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய வரம்பு உடைவது பிரபலமாகிவிட்டது, அந்த வார்ப்பு பிஸ்டன் நாக்கை மன்னிக்காது. ஒழுங்கான மேப், நல்ல பெட்ரோல் இருந்தால் அதே பிஸ்டன் வருடக்கணக்கில் ஓடுகிறது, இதையும் பார்த்திருக்கிறேன்.

இ85 எத்தனால் கலவையில் பலர் நிம்மதி காண்கிறார்கள், காரணம் இருக்கிறது: ஆக்டேன் அதிகம், ஆவியாகும்போது சூட்டை அதிகம் உறிஞ்சும், நாக் விலகிப் போகும். ஆனால் பெட்ரோலுக்கு 14.7 என்றால் இதற்கு 9.8 காற்று விகிதம், அதாவது இன்ஜெக்டரும் பம்பும் எடைக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தள்ள வேண்டும், குளிர்ந்த ஸ்டார்ட்டில் அவ்வளவும் சுவரை நனைத்து ஆயிலில் இறங்கும். குறுகிய தூரமே ஓட்டுகிறவர் ஆயிலைச் சீக்கிரம் மாற்றியாக வேண்டும்.

புது நேரடி இன்ஜெக்ஷன் டர்போக்களில் இன்னொரு விதம்: தாழ்வான ஆர்பிஎம்மில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஸ்பார்க்குக்கு முன்பே கலவை பற்றிக்கொள்வது. ஆயிலில் கால்சியம் அதிகமாக இருந்தால் இது கூடுகிறது என்று கண்டுபிடித்து, அமெரிக்க பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ 2018இல் எஸ்என் பிளஸ், 2020இல் எஸ்பி என்று புது தரம் கொண்டுவந்தது. 2000 ஆர்பிஎம்மில் ஆறாவது கியரில் முந்துவதற்கு அமுக்குகிறவர்கள், கியரைக் குறையுங்கள். எவ்வளவு பெரிய ராட் போட்டும் அந்தப் பழக்கத்தை ஈடுகட்ட முடியாது.

மார்ச் 1

சுற்றிச் சுற்றி எழுதாமல் ஒரு பெயர் சொல் என்று கேள்வி கேட்டவரே வந்து மிரட்டுகிறார். சரி.

நேர்க்கோட்டில் ஓட்டி, பிரித்துப் பார்த்து, திரும்பப் பூட்டுகிற பழக்கம் இருந்தால் 2ஜேஇசட், உங்கள் பதில் சரிதான். பாகம் கிடைப்பதும் எளிது, தெரிந்தவர்களும் அதிகம். குறைந்த செலவில் நிறைய அடி வாங்க வேண்டும் என்றால் இரும்பு பிளாக் எல்எஸ், அதைப் பற்றிப் பெருமையாகப் பேச முடியாது, அவ்வளவுதான் குறை. தினமும் ஓட்டி, கம்பெனி அளவைவிட மூன்றில் ஒரு பங்கு மட்டும் கூட்டி, ஆயில் மாற்றுவதைத் தவிர வேறெதுவும் செய்ய மாட்டேன் என்கிறவருக்கு பி58. டிராக்கில் நாள் முழுக்க ஓட்ட வேண்டுமா, டர்போவே வேண்டாம். எஃப்20சி அல்லது ஹோண்டா கே20, கம்பெனி ஆர்பிஎம்மில், பெரிய ஆயில் கூலரோடு. மிட்சுபிஷி 4ஜி63 எனக்கு எப்போதும் மனத்துக்கு நெருக்கம், 1987இலிருந்து எத்தனை ராலி தின்றது! ஆனால் 90களில் வந்த ஏழு போல்ட் கிராங்க் வகையில் கிராங்க் முன்பின் நகர்ந்து திரஸ்ட் பேரிங்கைத் தின்னும் வியாதி உண்டு, வாங்குகிறவர் ஆறு போல்ட் வகையா என்று பார்த்து வாங்கவும்.

ரோட்டரி ரசிகர்களே, உங்களுக்குத் தனியாகச் சொல்ல எதுவும் இல்லை, நீங்கள் கேட்கவும் மாட்டீர்கள்.

மார்ச் 9

"பில்ட் இன்ஜின், குறைவாக ஓடியது" என்று ஒருவர் விற்கிறாராம், வாங்கலாமா என்று கேட்டவருக்கு. பாகங்களின் பட்டியலை ஓரமாக வையுங்கள், பட்டியல் எல்லாரிடமும் அழகாகத்தான் இருக்கும். கம்ப்ரஷன் டெஸ்டோடு நிற்காமல் லீக்டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவை அளப்பது) கேளுங்கள், சூடான இன்ஜினில். 10 சதவீதத்துக்குள் எல்லா சிலிண்டரும் இருந்தால் நல்லது, ஒன்று மட்டும் 20ஐத் தாண்டினால் காற்று எங்கே சீறுகிறது என்று காது வையுங்கள்: எக்ஸாஸ்டில் என்றால் வால்வ், ஆயில் மூடியில் என்றால் ரிங், ரேடியேட்டரில் குமிழி என்றால் ஹெட் கேஸ்கெட். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்க்கச் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள், மடிப்புகளுக்குள் மினுமினுப்பாக இருந்தால் பேரிங். ஆயில் மாதிரி அனுப்பி ஈயம், செம்பு, இரும்பு அளவு பாருங்கள். சிலிக்கான் அதிகம் வந்தால் உடனே பயப்பட வேண்டாம், புதிதாகப் பூட்டிய இன்ஜினில் கேஸ்கெட் பசையிலிருந்தும் வரும், ஆனால் ஏர் ஃபில்டர் இல்லாமல் ஓட்டினீர்களா என்று கேட்டுவிடுங்கள். மேப் ஃபைலும் லாகும் கொடுக்க மறுத்தால் எனக்கு அங்கேயே ஆர்வம் போய்விடும். டைனோ தாளை மட்டும் நீட்டுகிறவரிடம், அது சக்கரத்தில் அளந்ததா கிராங்குக்கு மாற்றிப் போட்டதா, எந்தத் திருத்தக் கணக்கு என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் விலையைக் குறைத்துப் பேசலாம், ஃபில்டரை வெட்ட விடமாட்டேன் என்றால் பேச்சே வேண்டாம்.